நார்ஃபோக் கடலுக்கு ஒரு டயர் டியூப்

விஜயகுமாரி கடலைப் பார்த்ததே வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அவளைப் போய் இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் இருக்கும் கடற்கரைகளையெல்லாம் நெட்டுருப் போட வைத்த புண்ணியவான் ஏஜென்ட் கோ செல்வம். பர்மாவின் யாங்கோனிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர். நார்ஃபோக்கில் தனியாக இருக்கும் ஹில்டா என்கிற வயதான அம்மாவுக்குத் துணைக்கு ஒரு பெண் வேண்டுமாம். வீடியோவில் பேட்டி.

"அந்தம்மாவுக்குப் பீச்சுன்னா உசுரு. ஒனக்குப் பிடிச்ச பீச் எதுன்னுதான் மொதல்ல கேக்கும். நல்லாப் படிச்சு வச்சுக்க, மா விஜயா" என்றார். பர்மாவில் ஆண் பேருக்கு முன்னால் 'கோ'வும் பெண் பேருக்கு முன்னால் 'மா'வும் மரியாதைக்கு.

பார்க்காத ஊரில் பிடித்த இடம் எங்கேயிருந்து வரும் என்று கேட்க அவளுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்டு வைத்து வேலையைக் கோட்டை விட அவளுக்கென்ன பைத்தியமா? யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் அவள் பாடம் சொல்லிக்கொடுத்த சின்னப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். கூடப் படித்த பெண்கள் ஆளுக்கொரு தேசத்துக்குப் பறந்துவிட்டார்கள். இவள் மட்டும் கரண்ட் எப்போது வரும் என்று விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

ஆகவே படித்தாள். சோறு வடிக்கும்போது ஹன்ஸ்டன்டன், சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கு வைத்த பாறைச் சுவர். துணி அலசும்போது ஹோல்க்கம், பைன் மரங்களைத் தாண்டினால் கண்ணுக்கெட்டின மட்டும் மணல். வெல்ஸில் வண்ண வண்ண மரக்குடில்கள், குரோமரில் நண்டு. கேட்கக் கேட்க அம்மா ஜெயம்மாவுக்கு வயிறு எரிந்தது. மகளுக்கு இந்த வேலை கிடைக்கவே கூடாது என்று அவள் காளி கோயிலில் வேண்டிக்கொண்டு வந்த விஷயம் அந்தத் தெருவுக்கே தெரியும்.

பேட்டி நாளில் நல்லவேளை, கரண்ட் இருந்தது. "நீ கேமராவுக்குள்ள வந்துராதம்மா" என்று ஜெயம்மாவை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு விஜயகுமாரி லாப்டாப்பைத் திறந்தாள். திரையில் இரண்டு முகங்கள் வந்தன. ஒன்று ஹில்டா. ஒட்ட வெட்டிய நரைமுடி, அதுவும் சொட்டச் சொட்ட ஈரம். இன்னொன்று அவர் மகள் ஜூலி. சம்பளம் தரப்போகிறவள் அவள்தான்.

ஹில்டா கேட்டது அதே கேள்வி. விஜயகுமாரி மேற்கிலிருந்து கிழக்காக மூச்சு விடாமல் ஒப்பித்தாள். குரோமர் நண்டுக்கு வருவதற்குள் அந்த அம்மா கொட்டாவி விட்டுவிட்டார்.

"உனக்கு முன்னால் பேசின பெண்களும் இதைத்தான் சொன்னார்கள். இதே வரிசையில்."

கோ செல்வம், பாவி மனுஷன், எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தித் தொலைத்திருக்கிறார்!

"அதை விடு" என்றார் ஹில்டா. "ஜூலையில் என்னை எங்கே கூட்டிப் போவாய்?"

இது பாடத்தில் இல்லை. பதற்றத்தில் விஜயகுமாரிக்கு ஊர் வழக்கம்தான் வாயில் வந்தது. "ஜூலையில் யாராவது கடலுக்குப் போவார்களா, அம்மா? வீட்டில்தான் இருக்க வேண்டும். அக்டோபர் கழியட்டும், பார்க்கலாம்."

பர்மாவில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஜூன் பிறந்தால் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும், கடலோர ஹோட்டல்கள் கதவைச் சாத்திவிடும். இங்கிலாந்தில் ஜூலைதான் நல்ல வெயில் காலம் என்பது அவளுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. செத்தோம் என்று நினைத்தாள்.

ஆனால் ஜூலியின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, எனக்கு இந்தப் பெண்தான் வேண்டும். ஜனவரிக் குளிரில்கூட நீ கடலில் இறங்குகிறாய். போன தடவை அலை உருட்டிப் போட்டு, முகம் தெரியாத யாரோ தூக்கி வந்தார்கள். உன்னைத் தடுக்க ஓர் ஆள் வேண்டாமா?"

"நான் கேட்டது துணை. காவல்காரி இல்லை" என்று ஹில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அடுத்த பெண்ணைக் கூப்பிடு."

தாயைப் பிடித்தால் மகள் போச்சு, மகளைப் பிடித்தால் தாய் போச்சு. "நான் தடுக்க மாட்டேன், அம்மா" என்று விஜயகுமாரி அவசரமாகச் சொன்னாள்.

"அப்படியானால் கூடவே நீந்துவாயா?"

"எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேருக்குத் தெரியாது. அதற்காகக் கடலுக்குப் போகாமலா இருக்கிறோம்? எங்கள் பக்கத்து சௌந்தா கடற்கரையில் லாரி டயர் டியூப் வாடகைக்குக் கிடைக்கும். ஆண் பெண் எல்லோரும் உடுத்தின லுங்கியோடு அதில் ஏறி உட்கார்ந்துகொள்வோம். டியூபில் கயிறு கட்டி ஒருத்தர் கரையில் பிடித்துக்கொள்வார். உங்களுக்கும் நான் பிடிப்பேன். எந்த மாதமானாலும் சரி. பெரிய அலை வந்தால் இழுத்துவிடுவேன்."

"நான் வரமாட்டேன் என்றால்?"

"உங்களைக் கேட்க மாட்டேன், அம்மா. இழுத்துவிடுவேன்."

ஹில்டா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "ஹோல்க்கமில் அத்தனை பேர் நடுவில், லாரி டயரில் நான்!" கயிறு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று தாயும் மகளும் அங்கேயே சண்டை பிடித்தார்கள். மகள் சொன்ன நீளம் தாய்க்கு நாய்க்குட்டியைக் கட்டுகிற நீளமாகப் பட்டது. கடைசியில் ஒருவழியாக ஒத்துப்போய், ஹில்டா கேட்டார்: "எப்போது வருகிறாய்?"

அதற்குமேல் ஜெயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கேமராவுக்குள் தலையை நீட்டிவிட்டாள். "என்னடி, அந்தம்மா இப்பிடிச் சிரிக்குது?"

"வேலை கெடச்சிருச்சும்மா" என்று சொல்லி, டியூபையும் கயிற்றையும் பற்றி விஜயகுமாரி விளக்கினாள்; எப்போது வருகிறாய் என்று அவர்கள் கேட்டதையும் சொன்னாள்.

ஜெயம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். "நாஞ் சொல்றத அப்பிடியே அவங்ககிட்டச் சொல்லு. உங்க கயித்த எம்பொண்ணு பிடிச்சுக்குவா. எம்பொண்ணப் பிடிச்சுக்க அங்க யாரு இருக்கா?"

விஜயகுமாரி அதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். ஹில்டா இப்போது சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து, விஜயகுமாரியை விட்டுவிட்டு ஜெயம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"கயிற்றின் மறுமுனையில் நான்தானே இருக்கிறேன்."

மகள் அதைத் தமிழில் சொன்னதும் ஜெயம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"கெழவி நல்லாத்தான் பேசுறா" என்றாள். "எப்ப வர்றேன்னு கேட்டாங்களே, பதில் சொல்லு."