கரும்பு வயலில் கிடைத்த டகோட்டா சத்தம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் ஜான்சி கம்ப்யூட்டர் டீச்சர். மாலையில் வீடு திரும்பியதும் விமானம் செய்ய உட்கார்ந்துவிடுவாள். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்குள் சேர்த்துக்கொள்ளும் பழங்கால விமானங்கள் அவை. உருவம், விளக்கு, சத்தம் எல்லாவற்றையும் முடித்து இணையத்தில் போட்டால், உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் இலவசமாக டவுன்லோடு செய்து ஓட்டுவார்கள்.

இந்த முறை அவள் செய்தது டகோட்டா. இரண்டு இஞ்சினும் நிமிர்ந்த மூக்குமாக நிற்கும் கிழட்டு விமானம். சிமுலேட்டர் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் தேவநாதனின் குரல் வந்தது. அவருக்குச் சிதம்பரம் கீழ வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் குறை சொல்லாத விமானம் அந்தக் குழுவில் கிடையாது.

"பாடி பிரமாதம் மேடம். ஆனா சத்தம்? மிக்ஸியில சட்னி அரைக்கிற மாதிரி இருக்கு. நான் சின்ன வயசுல டகோட்டா சத்தத்த நேர்ல கேட்டவன். என்னை ஏமாத்த முடியாது."

குழுவே சிரித்தது. ஜான்சிக்குக் காது சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நெல்லிக்குப்பத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய தாய்மாமா அந்தோணிசாமி, கரும்பு இழுக்கும் பழைய டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஸ்டார்ட் பண்ணி நல்லா உறும விடுங்க. ரெக்கார்டு பண்ணணும்."

"எதுக்கும்மா?"

"பிளேனுக்கு."

"கரும்பு இழுக்கவே இதுக்கு மூச்சு வாங்குது. இதப் போயி பிளேன்ல கட்டப் போறியா?" என்று சொல்லிக்கொண்டே ஸ்டார்ட் செய்தார். இருமி, புகை கக்கி, டிராக்டர் உயிர் பெற்றது. அவள் போனைப் புகைக்குழாய் அருகே நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கனமாக்கினாள். அதையே இன்னொரு முறை சற்றுத் தள்ளி ஒட்டினாள். இரண்டாவது இஞ்சின் ரெடி. 'அபூர்வமான பழைய ஒலிப்பதிவு' என்று எழுதி, அதன் கீழே 'ஒலியைச் சரிபார்த்தவர்: தேவநாதன், சிதம்பரம்' என்றும் சேர்த்து, இணையத்திலும் குழுவிலும் போட்டாள்.

"மேடம்! இதான்! கண்ண மூடிக் கேட்டேன், புல்லரிச்சுப் போச்சு. இத்தினி நாளு எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றது தேவநாதனின் குரல். ஜான்சி தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. டவுன்லோடு ஏறிக்கொண்டே போனது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஓய்வுபெற்ற விமானி ஒருவர், 'இடது இஞ்சின் உயிர் பெற்றபோது அழுதுவிட்டேன்' என்று எழுதினார். பிறகு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று, தங்களிடம் நிற்கும் டகோட்டாவுக்குப் பக்கத்தில் இந்தச் சத்தத்தை ஒலிக்கவிட அனுமதி கேட்டது. கூடவே தேவநாதனின் பெயரையும் எழுதி வைப்பார்களாம்.

ஜான்சியின் சிரிப்பு அடங்கியது. சிதம்பரம் பஸ் ஏறினாள்.

தேவநாதன் கடையில் ஒரு கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குச் சொந்தக்காரியான இருசம்மாள் எதிரே ஸ்டூலில் காத்திருந்தாள். ஜான்சி தான் யாரென்று சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். திருகாணி கீழே விழுந்தது.

"டிராக்டரா?"

"ஆமா சார். எங்க மாமா கரும்பு இழுக்குறது."

கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் வீதியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், குரூப்ல போட்டுடாதீங்க. நான் டகோட்டா சத்தத்த கேட்டதே இல்ல."

"சின்ன வயசுல நேர்ல கேட்டேன்னீங்களே?"

"சின்ன வயசுல கேக்கணும்னு ஆச இருந்துச்சு. சொல்லும்போது அது கொஞ்சம் மாறிப் போச்சு."

ஜான்சியால் அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

"கண்ணாடியக் குடுத்துட்டுச் சிரிங்கப்பா, நான் பஸ்ஸப் புடிக்கணும்" என்றாள் இருசம்மாள்.

அவளை அனுப்பிவிட்டு, இருவரும் அங்கேயே உட்கார்ந்து அருங்காட்சியகத்துக்கும் ஆஸ்திரேலியாக்காரருக்கும் உண்மையை எழுதினார்கள். அருங்காட்சியகம் நன்றி சொல்லி ஒதுங்கிக்கொண்டது. விமானியின் பதில் சில நாள் கழித்து வந்தது. 'விமானம் ஓட்டுவதற்கு முன்னால் அப்பாவின் கோதுமை வயலில் டிராக்டர் ஓட்டினேன். எதற்காக அழுதேன் என்று இப்போதுதான் புரிகிறது.' கூடவே, நிஜ டகோட்டா ஒன்றின் ஒலிப்பதிவையும் அனுப்பியிருந்தார்.

தேவநாதன் அதை முழுக்கக் கேட்டுவிட்டு ஜான்சிக்குப் போன் செய்தார்.

"எப்பிடி சார் இருக்கு?"

"நெஜமானதுதான். ஆனா நம்ப சத்தத்துல இருந்த அந்த கம்பீரம் இல்ல மேடம்."

அடுத்த பதிப்பில் இரண்டு சத்தத்தையும் வைத்தார்கள். ஒன்று விமானம், ஒன்று டிராக்டர் என்று மட்டும் எழுதினார்கள். எது எது என்று சொல்லவில்லை. குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லை. தேவநாதன் மட்டும் வாயே திறப்பதில்லை.