எக்ரீஜியஸ் சின்னச்சாமி

நான் ரிட்டையர் ஆன அன்னைக்கு, தல்லாகுளம் ஆபீஸ்ல மலையாண்டி எந்திரிச்சு இங்கிலீஷ்ல பேசுனான். எனக்குக் கீழ வேலை பாத்த பக்கத்து சீட்டு கிளார்க் அவன். "மிஸ்டர் சின்னச்சாமி ஈஸ் அன் எக்ரீஜியஸ் மேன்"னான். எல்லாரும் கை தட்டுனாங்க. எவனுக்கும் அர்த்தம் தெரியாது, எனக்கும்தான். தெரிஞ்ச மாதிரி மாலையைச் சரி பண்ணிக்கிட்டேன்.

அந்த ஒத்த வார்த்தையை வச்சே மாசக்கணக்கா ஓட்டுனேன். பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. மகன் பிலாய்ல இருக்கான். வீட்ல பேச ஆளில்ல. சாயங்காலமானா எக்ரீஜியஸ்னு ஒருக்கா சொல்லிப் பாத்துக்குவேன், மனசுக்குத் தெம்பா இருக்கும்.

சும்மா இருந்தேனா? காலேஜ்ல இங்கிலீஷ் எடுக்கிற எதிர்வீட்டுச் சோலைகிட்ட, ரேசன் கடை வரிசையில பெருமையாச் சொல்லித் தொலைச்சேன். அவன் சிரிப்பை அடக்கிக்கிட்டான்.

"சார், அது இப்பத் திட்டுற வார்த்தை. படுமோசம்னு அர்த்தம். பெரிய தப்புப் பண்ணுனா எக்ரீஜியஸ் மிஸ்டேக்கும்பாங்க."

"மனுசனைச் சொன்னா?"

"அதை விடுங்க சார். ஆதியில நல்ல அர்த்தம்தான். லத்தீன் வார்த்தை, மந்தையிலிருந்து தனிச்சுத் தெரியிறதுன்னு. பெரிய ஆளுகளை அப்படிச் சொல்லிருக்காங்க. பொறவு கிண்டலாச் சொல்லிச் சொல்லியே கெட்டுப்போச்சு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மலையாண்டி எழுதுன டிராப்டையெல்லாம் செவப்பு மையில சுழிச்சவன்ல நான்? சமயம் பாத்து வச்சுட்டானே படுபாவி! அவன் வீட்டுக்குப் போக அவனியாபுரம் பஸ்ஸைப் பிடிச்சேன். போகப் போகக் கோவத்தைவிடப் பயம்தான் கூடுச்சு. அதுவும் நக்கல்னா, என்னைப் பத்தி நல்லதா ஒரு சொல்லு சொன்னவன்னு உலகத்துல ஒருத்தனும் இல்லையே.

மலையாண்டி வாசல்ல சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தான். "வாங்கண்ணே"ன்னு ஸ்டூலைப் போட்டான்.

"எக்ரீஜியஸ்னியே, புகழ்ந்தியா, நக்கலடிச்சியா? ஒண்ணைச் சொல்லு."

கையைத் துணியில துடைச்சுக்கிட்டே யோசிச்சான்.

"ரெண்டும் இல்லண்ணே. உங்களைப் பத்திப் பேசச் சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. இம்புட்டு வருசம் பக்கத்துல உக்காந்திருந்தேன், உங்களுக்கு என்ன பிடிக்கும்னுகூடத் தெரியல. டிக்சனரியைப் புரட்டுனேன். மந்தையை விட்டுத் தனியா நிக்கிறதுன்னு மொத வரியில போட்டிருந்துச்சு. அட, இது நம்ம அண்ணன்தானேன்னு தோணுச்சு. அதுக்குக் கீழ படிக்கலண்ணே."

கிண்டல்னு சொல்லியிருந்தா நாலு ஏச்சு ஏசிட்டு வந்திருப்பேன். இதுக்கு ஏச வழியில்ல.

உள்ளயிருந்து அவன் சம்சாரம் அழகம்மாள், "அண்ணனுக்கு டீ போடவா?"ன்னு கேட்டுச்சு. குடிக்கணும், பொழுது சாயிற வரைக்கும் உக்காந்து பேசணும்னு அம்புட்டு ஆசையா இருந்துச்சு எனக்கு.

"வேணாம்மா, வேலை கெடக்கு, வாரேன்"னு வாய் தன்னால சொல்லிருச்சு.

மலையாண்டி வற்புறுத்தல. ஆபீஸ்லயும் நான் இப்படித்தான், அவனுக்குப் பழகிப்போச்சு.