அரை நூல் ஆட்டம்

உலக மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: லிங்பி கல் ரசிகர் சங்கத்தின் இருபத்தோராவது கண்காட்சியில், குடிநீர் அலுவலகத்தின் ஓய்வுபெற்ற இயக்குநர் கூ வெய்ரான் அவர்களின் ‘மேகம் குடிக்கும் கொக்கு’ முதன்முறையாகத் தரிசனம் தருகிறது.

எழுதியவர் கூ வெய்ரான். கேட்டது அவர் மனைவி மெய்ஃபென் மட்டும்.

“இந்தக் கல்லுல கொக்கு எங்க இருக்கு?”

“பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.”

உண்மையில் அவர் துணை இயக்குநர். ‘துணை’யை விழுங்கிவிடுவதுதான் ஊர் மரியாதை. பன்னிரண்டு வருடம் அவரை மேய்த்த நிஜ இயக்குநர் பாங்கின் கல் போன வருடம் தங்கப் பதக்கம் வாங்கியது. அன்று முதல் கூவுக்கு நூடுல்ஸ் தொண்டையில் இறங்கவில்லை.

கொக்கு, முழ உயரக் கறுப்பு லிங்பி கல்; இயற்கை கொடுத்த உருவத்துக்காகவே பீடத்தில் வைத்து ரசிக்கும் வகை. உடம்பெல்லாம் ஓட்டை, சுண்டினால் வெண்கலமாக ஒலிக்கும். ஈட்டி மரப் பீடம் தச்சர் டுவான் செதுக்கியது. கல்லடியின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மரத்தைக் குடைந்து, கல்லை இறக்கினால் ஈறில் பல்லாக உட்கார வேண்டும்.

“ஒரு வாரம் இங்கயே கிடக்கட்டும் டைரக்டர். மரம் காய்ஞ்சு இன்னும் இறுகும். அப்புறம் ஒரு உளி போட்டுத் தர்றேன்.”

“கண்காட்சி நாளைக்குய்யா!”

“அது உங்களுக்குத் தெரியும். மரத்துக்குத் தெரியுமா?”

கூ தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மத்தியானம் மேசைமேல் வைத்துத் தொட்டார். டக். பீடத்தில் கல்லுக்கு அரை நூல் ஆட்டம். வாசல்வரை நடந்து திரும்பி வந்து தொட்டார். டக். தேநீர் ஊற்றினார், குடிக்காமல் வைத்தார், தொட்டார். டக்.

“டுவானைக் கூப்பிடுங்களேன்,” என்றாள் மெய்ஃபென்.

“‘அப்பவே சொன்னேனே’ம்பான்.”

“சொல்லட்டும். காது கழண்டா விழுந்துரும்?”

டுவானின் வேலைப்பாட்டில் கைவைக்க அவருக்குத் தைரியமில்லை. கல்லின் அடியிலோ ஒரு சின்னத் துருத்தல்தான். உளியோ அரமோ பட்ட கல்லைக் கண்காட்சியில் சேர்ப்பதில்லை என்பது சங்கத்தின் முதல் விதி. எழுதியவர், அப்போது செயலாளராக இருந்த கூ வெய்ரான். ஆனால் அடியை யார் பார்க்கப் போகிறார்கள்?

அரத்தால் நாலே இழுப்பு. ஆட்டம் நின்றது. அன்று சாயங்காலம் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் இறங்கியது.

மறுநாள் நடுவர் அம்மாள் கல்லைச் சுண்டினார். கணீர். கூட்டம் “ஆகா” என்றது. பாங்கின் முகம் சுருங்கியதைக் கூ ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மாள் கல்லை இரண்டு கையாலும் தூக்கி, குழந்தை நனைத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல அடியைப் பார்த்தார்.

“இது யாரு போட்ட அரம்?”

“மரம்… கொஞ்சம் இறுகிப்போச்சு…”

“மரத்தைத்தான் கல்லுக்குத் தோதா வெட்டுவாங்க. நீங்க கல்லை வெட்டியிருக்கீங்க. விதி உங்களுக்குத் தெரியாததில்ல, துணை டைரக்டர்.”

பீடத்துக்கு மூன்றாம் பரிசு. டுவான் போய் வாங்கிக்கொண்டார். கல், இப்போது கூ வீட்டுச் சமையலறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆடுவதில்லை.