நாற்பத்திரண்டாம் கல்

வேதங்களை மீட்க மீனாய் வந்தவன் குடிகொண்ட நாகலாபுரத்துக்கு அருகே, செல்லியம்மாவும் அவள் கணவன் நாகையாவும் பாறை பிளந்து ஒரு கிணறு வெட்டியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்துக்கே நீர் இறைத்த குடியில் அதுவே முதற்கிணறு. புதுச் சந்தைத் திட்டத்துக்கென அந்த நிலத்தை எடுத்துக்கொண்ட அரசாங்கமோ அதை ‘வானம் பார்த்த புஞ்சை’ என்று எழுதி இழப்பீடு வகுத்துவிட்டது. கிணற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நோட்டீஸ் வந்தது ஓர் ஆடித் திங்கட்கிழமை. மாநில எல்லை மாறி அவர்கள் ஊர் சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இழப்பீட்டைக் கோர்ட் தீர்மானிக்கக் கேட்டு ஆறு வாரத்துக்குள் சித்தூரில் ஆட்சேப மனு கொடுக்க வேண்டும்; தவறினால் எழுதியது எழுதியதே. சோமவார விரதக்காரனான நாகையா, வந்த திங்களையே முதலாவதாக வைத்து எண்ணினான். ஆறாம் திங்களன்று போகலாம் என்றிருந்தவனை ஊர் நிறுத்திவிட்டது: கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று, அது அவிழும்வரை எவரும் எல்லை தாண்டலாகாது. கெடு கைநழுவியது என்று அவன் துவண்டுபோனான்.

செல்லியம்மாவின் கணக்கு வேறு. நோட்டீஸ் வந்த மறுநாள் தொடங்கி, விடியலில் முதற்சால் நீர் ஏறியதும் கிணற்று மேட்டில் ஒரு கூழாங்கல் வைத்து வந்தாள். காப்பு அவிழ்ந்தபின் வந்த ஏழாம் திங்கள் விடியலில் எண்ணினாள். நாற்பத்திரண்டு.

“எழுந்திருய்யா! இன்னிக்குத்தான் கடைசி நாளு.”

“ஆறு சோமவாரம் போயி இது ஏழாவது. உன் கல்லுக்கு இன்னா தெரியும்?”

“நீ விரதத்த எண்ணிக்கினு இருந்த. நான் விடிஞ்ச பொழுத எண்ணுனேன். ஆறேழு எவ்ளோ? சொல்லு.”

அவன் விரல்விட்டு எண்ணிவிட்டு எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

திருப்பதியில் பஸ் மாறும்போது ஏழுமலையைக் கண்டு கைகுவித்தாள், எதையும் கேட்கவில்லை. சித்தூர் அலுவலக வாசலில் அமர்ந்து மனு எழுதுபவரிடம் ஒரே ஒரு வரியை மூன்று முறை சொல்லி எழுதுவித்தாள்.

குமாஸ்தா நாகபூஷணம் மனுவைத் தொடவே இல்லை. “போன வாரமே கெடு முடிஞ்சதுன்னு உன் வீட்டுக்காரனே சொல்றானேம்மா!”

செல்லியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கற்கள் மேசைமேல் உருண்டன.

“எண்ணிப் பாருங்க சாமி.”

“இது ஆபீசா, பல்லாங்குழி ஆடற எடமா?”

சிரிப்பொலி கேட்டு அதிகாரி வெளியே வந்தார். நோட்டீஸ் அவர்கள் கைக்குக் கொடுக்கப்பட்ட தேதியைப் பார்த்தார். சுவர்க் காலண்டரில் விரல் ஓட்டினார். ஓடிய விரல் அன்றைய தேதியில் நின்றது.

“நோட்டீஸ் வாங்கின நாள் கணக்கில் சேராது, நாகபூஷணம். இந்த அம்மா எண்ணினதுதான் சட்டம். முத்திரை போடுங்க. கோர்ட் தீர்மானிக்கட்டும்.”

முத்திரை விழுந்தது. செல்லியம்மா நகரவில்லை.

“அந்த ஒரு வரிய மட்டும் படிச்சுக் காட்டுங்க சாமி.”

நாகபூஷணம் மனுவை எடுத்துப் படித்தார். “இந்நிலத்தில் நாங்கள் எங்கள் கையால் வெட்டிய, வற்றாத கிணறு உண்டு.”

அவள் தலை நிமிர்ந்தது. கற்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி மீண்டும் முடிந்துகொண்டாள்.

பஸ்ஸில் நாகையா மெல்லக் கேட்டான்: “அந்தக் கல்லையெல்லாம் இன்னா பண்ணப்போற?”

“கிணத்து மேட்டுலயே வெப்பேன். கோர்ட்டுலேருந்து பாக்க வர்றவங்க அதத் தாண்டிக்கினுதான் தண்ணியப் பாக்கணும்.”