டூகல் மெக்னேரின் தமிழ்க் குரல்

2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. சான் ஹோசேயில் விடியலுக்கு முன் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், தம் குரல்வளையை அகற்றுவதற்கான ஒப்புதல் படிவத்தைச் சேனாபதி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் மகள் ருக்மிணி.

ஸ்காட்லாந்து நடிகர் டூகல் மெக்னேருக்குத் தமிழில் முப்பது ஆண்டுகள் குரல் கொடுத்தவர் அவர். மெக்னேர் கப்பல் பட்டறையில் வண்ணம் பூசிக்கொண்டிருந்து, பிறகு மேடையேறி, முப்பது வயதுக்கு மேல் திரைக்கு வந்தவர். பாதிரியார், கொலைகாரர், மாலுமி என எந்த வேடத்திலும் தம் ஊர்ப் பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. விமரிசகர்கள் முதலில் ஏசினார்கள். பின்னர் அதையே மேதைமை என்றார்கள். இரண்டு மணமுறிவுகள், நெடுங்காலக் குடி. அதிலிருந்து மீண்டு நடித்த நீதிபதி வேடத்துக்குப் பெரும் விருது. சென்ற அக்டோபரில் உறக்கத்திலேயே இறந்தார். சேனாபதி அவரை நேரில் பார்த்ததில்லை. ஆயினும், எந்தச் சொல்லுக்கு முன் அவர் மூச்சிழுப்பார் என்பதை அவருடைய மனைவியரைவிட நன்றாக அறிந்திருந்தார்.

மெக்னேரின் கடைசிப் படத்துக்கு, பக்கத்து ஊரான சன்னிவேலில் மகள் வீட்டுத் துணி அலமாரிக்குள், எதிரொலி வராமலிருக்கக் கோட்டுகளின் நடுவே நின்று பேசிப் பதிவுசெய்து அனுப்பிவந்தார். கோடையில் குரல் கம்மியது. சென்னை ஒலிப்பதிவாளர் மகிழ்ந்தார்: "சார், கிழவனோட கரகரப்பு அப்படியே வந்திருக்கு! மருந்து கிருந்து சாப்பிட்டுக் கெடுத்துடாதீங்க."

சேனாபதி கெடுக்கவில்லை. வெந்நீரைக்கூடத் தவிர்த்தார். புத்தாண்டுக்குப் பின் இருமலில் இரத்தம் வந்தபோதுதான் மருத்துவரிடம் போனார். புற்றுநோய் என்றார்கள். இப்போது படிவத்தில் கையெழுத்திடாமல் மகளிடம் திரும்பினார்.

"இன்னும் ஒரே சீன்தாம்மா. அவன் சாகற சீன். முடிச்சுட்டு வந்து படுத்துக்கறேன்."

"செவ்வாய்க்கிழமைக்கு மேல வெயிட் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கப்பா."

"அப்ப அவன் வேற எவன் குரல்லயோ சாவானா? முப்பது வருஷம் சோறு போட்டவன்டி."

"அவர் செத்தாச்சுப்பா. நீங்க இருக்கணும்."

சேனாபதி படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். ருக்மிணி தணிந்தாள். "பழைய ரெக்கார்டிங் குடுத்தா, நீங்க டைப் பண்றதை மெஷின் உங்க குரல்லயே பேசுமாம். உங்களுக்குத்தான் அத்தனை படம் இருக்கே."

"அதெல்லாம் அவன் மூச்சும்மா. உன்னைக் கூப்பிட்டது, உங்கம்மாகிட்ட சண்டை போட்டது, அப்படி ஏதாவது வச்சிருக்கியா?"

ருக்மிணி கைப்பேசியை எடுத்தாள். தேடாமலே கீழே வைத்தாள்.

"வீட்ல நீங்க பேசினதே இல்லையேப்பா. மறுநாள் டப்பிங் இருக்கு, தொண்டையைக் காப்பாத்தணும்னு கையைத்தான் ஆட்டுவீங்க. ஸ்கூல்ல எல்லாரும் உங்கப்பா ஊமையான்னு கேப்பாங்க."

சேனாபதி பேனாவைக் கேட்டு வாங்கி, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டார்.

"செவ்வாய் வரைக்கும் உன்கிட்டப் பேசறேன் ருக்கு. என்ன பேசணும்னு நீயே சொல்லு."

வாசலில் நின்ற செவிலியிடம் சேனாபதியே எழுந்து சென்று படிவத்தைக் கொடுத்தார்.