நாடாவில் எழுதியது

அம்மாவின் சவப்பெட்டியருகே ஹால்ஸ்டைன் குனிந்து முதல் மலர்வளையத்தின் நாடாவைக் கையிலெடுத்தபோதுதான் தூரிட்டுக்கு அந்த வழக்கம் நினைவுக்கு வந்தது. சவப்பெட்டியைச் சுற்றியிருக்கும் வளையங்களில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர் தேவாலயமே கேட்க வாசிப்பது அந்த ஊர் வழக்கம். கல்யாணமாகி ஒஸ்லோவுக்குப் போனவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

முந்தாநாள் போனில், நாடாவில் என்ன எழுதுவதென்று ஹால்ஸ்டைன்தான் கேட்டார். "அன்புக்குரிய அம்மான்னு போடணும், சரி. அந்த 'அன்புக்குரிய' எல்ஸ்காவா, எல்ஸ்கெட்டா? அகராதியில ரெண்டும் இருக்கு. எது போட்டாலும் தப்பில்லம்மா."

"எல்ஸ்கெட்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

உருளைக்கிழங்கு ஆலையில் ஆயுசு முழுக்க உழைத்த அம்மாவின் வாயில் அது எந்நாளும் 'எல்ஸ்கா'தான். ஊரே அப்படித்தான் பேசும்; 'எல்ஸ்கெட்' பட்டணத்துப் பேச்சு. ஆனால் மாமியார் வெங்கே வருகிறாளே! ஒஸ்லோவின் பெரிய வீட்டுக்காரி. 'கா' என்று முடித்தால் தொழுவ வாசனை அடிக்கிறது என்பாள்.

காலையில் வளையங்களை அடுக்கும்போதே அண்ணன் ஓட்வர் பார்த்துவிட்டான்.

"இது நம்ம அம்மாவுக்கா, உன் மாமியாருக்கா?"

"ரெண்டும் சரின்னு அகராதியே சொல்லுதுண்ணே."

"அகராதியா உன்னைப் பெத்துச்சு? உன் கல்யாணத்துல பேசறதுக்கு அம்மா ஆசையா எழுதி வச்சதையும் இப்படித்தானே திருத்தின? பாதியிலேயே நாக்கு குழறி உக்காந்துட்டா. அப்புறம் எந்த விசேஷத்துலயாவது வாயைத் திறந்தாளா?"

அதற்கப்புறம் அம்மா விசேஷங்களில் பேச முன்வராதது தூரிட்டுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசியது.

ஆலைக்காரர்களின் நாடாவை வாசித்துவிட்டு ஹால்ஸ்டைன் அவளுடையதைப் பிடித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அம்மா பேசுகிற அதே இழுவையில் வாசித்தார்:

"எல்ஸ்கா அம்மாவுக்கு. தூரிட், குடும்பத்தார்."

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். தூரிட்டுக்குக் கண் நிறைந்தது. எழுதியிருப்பது அதுவல்ல என்று ஹால்ஸ்டைனுக்குத் தெரியும், ஓட்வருக்கும் தெரியும். போகட்டும் விடு என்பதுபோல அண்ணனின் காய்ப்பேறிய கை அவள் கைமேல் வந்து அமர்ந்தது.

மறுபக்கமிருந்து வெங்கே காதருகே சாய்ந்தாள்.

"பாவம், அந்த ஆளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது போல. நீ ஒழுங்காத்தானே எழுதிக் கொடுத்த?"

"ஆமா அத்தை" என்றாள் தூரிட். வெட்கங்கெட்ட வாய், அதற்குள் சொல்லிவிட்டது.

ஹால்ஸ்டைன் அடுத்த நாடாவுக்குக் குனிந்தார். ஓட்வர் தன் கையை எடுத்துக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேட ஆரம்பித்தான்.