ஜெபராணி நர்சம்மாவின் வலது கை

ஜெபராணி நர்சம்மா இறந்துபோன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, அவர் பிரசவம் பார்த்துப் பிறந்த அத்தனை பேருடைய பின்னந்தலையையும் ஒரு கை வந்து தாங்கிக்கொண்டது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த மாசாணம் பேச்சை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு காளையைத் தவிர யாருமில்லை. காந்திபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சஹீர் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தது சுவர். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஆறுச்சாமி வண்டியை ஓரங்கட்டினார். பயணிகளில் நான்கு பேர் தன்னைப் போலவே பின்னந்தலையைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்ததும், மறுபடி கியரைப் போட்டார். கையில் கனமில்லை. இப்போதுதான் கழுவித் துடைத்தது போல லேசான ஈரமும் சிவப்பு சோப்பு வாசனையும் இருந்தன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் கோணல். அதை வைத்துத்தான் அது யாருடைய கை என்று கண்டுபிடித்தார்கள்.

ஜெபராணி கிணத்துக்கடவுக்கு வேலைக்கு வந்தது எழுபத்தோராம் வருடம். சுற்றியுள்ள பதினான்கு ஊர்களுக்கும் அவர் ஒருவர்தான். முதல் ஆறு வருடம் நடை, பிறகு சைக்கிள், அதற்குப் பிறகு மொபெட்; விரல் கோணியது அதன் செயினில் மாட்டித்தான். தோட்டத்து வீட்டில் பிறந்தாலும் காலனியில் பிறந்தாலும், குழந்தையின் தலை வெளியே தெரிந்ததும் உள்ளங்கையில் அதைத் தாங்கி, "வாங்க கண்ணு, வாங்க" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். காலனிப் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரே மரியாதையா என்று ஒரு தோட்டத்துக்காரர் கேட்டதற்கு, "ஏனுங்க, உங்க பையன வேணும்னா வாடான்னு கூப்பிட்டுப்போடறனுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அதற்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூட அடுப்பில் வைத்த சோற்றைத் தானே வடித்ததில்லை என்பார்கள். வடித்தது அவர் கணவர் இன்னாசிமுத்து. மில்லில் ஃபிட்டராக இருந்த அவர்தான் மகள் லின்சிக்குத் தலை பின்னிவிட்டதும், பரீட்சைக்குப் பென்சில் சீவிக் கொடுத்ததும். லின்சி பெரியவளான அன்று நர்சம்மா சொக்கனூரில் இருந்தார். லின்சியின் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த பிறகுதான், சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கோயிலுக்குள் வந்தார்.

அந்த லின்சி பிறந்தது கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில். அவளை ஏந்திய டாக்டரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. தன் பிரசவத்தைத் தானே பார்த்துக்கொள்ள நர்சம்மாவாலும் முடியாதல்லவா. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை லின்சியின் தலையை எதுவும் தொடவில்லை. அவள் அப்போது கட்டிலருகே அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கை மெல்லச் சில்லிட்டது. பக்கத்து அறையிலிருந்து மகள் ஷெரின் ஓடிவந்து, "அம்மா, அம்மாயி என் தலையப் புடிச்சிருக்குது" என்றாள். ஷெரின், நர்சம்மா ஓய்வு பெற்ற மறு மாதம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால் காருக்குள்ளேயே பிறந்தவள். நர்சம்மா கடைசியாக ஏந்திய பிள்ளை.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் சாலையில் பஸ் போக முடியவில்லை. எல்லோரும் கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தபடி நடந்துவந்தார்கள். பூசை வைத்த பங்குச் சாமியாரும் அந்த ஊரில் பிறந்தவர்தான். மன்றாட்டுக்கு நடுவே இரண்டு முறை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த லின்சியிடம் வந்து கைகூப்பிய ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உங்களுக்கும் இருக்குதுங்களா டீச்சர்?"

"இருக்குதுங்க" என்றாள் லின்சி. முதல் ஆளிடம் அப்படிச் சொல்லிவிட்டதால் மற்ற எல்லோரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

அடக்கம் முடிந்தும் கை போகவில்லை. முதுகு வலிக்காரர்கள் நன்றாகத் தூங்கினார்கள். சண்டைக்காரர்கள் சண்டைக்கு நடுவே வார்த்தையை மறந்தார்கள். இளநீரும் வெல்லமும் எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். தங்களைப் பெற்றவர்கள் சொன்ன பிரசவக் கதையைச் சொன்னார்கள். எல்லாக் கதையிலும் மழை பெய்தது அல்லது விளக்கு அணைந்தது, நர்சம்மா வந்துசேர்ந்தார். லின்சி அந்த நாட்களை எல்லாம் மறுபக்கத்திலிருந்து அறிந்தவள். காபி கொடுத்தாள், கேட்டாள், "இருக்குதுங்க" என்றாள். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று மகளிடம் சொன்னாள்: "எனக்கு இல்லடி. ஊருக்கே இருக்குது. பெத்த புள்ள எனக்கு மட்டும் இல்ல. உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான்." சொல்லிவிட்டு மடித்த சேலையை உதறி மறுபடி மடித்தாள்.  தன் தலையைக் கழற்றிக் கொடுக்க முடிந்தால் ஷெரின் கொடுத்திருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய் வியாபாரி செங்கோட்டையன் வந்தார். நாற்பது வயது தாண்டிய, குரல் பெருத்த ஆள். அன்றைக்கு உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், நான் பொறந்த அன்னிக்கு உங்களுக்குக் கோயில்ல ஏதோ விசேசமுங்களாமா. வெள்ளைக் கவுனு போட்டுட்டு நின்னீங்களாமா."

"புதுநன்மைங்க" என்றாள் லின்சி. முதன்முறையாக நற்கருணை வாங்க நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னால் அம்மாக்கள் நின்றார்கள். அவளுக்குப் பின்னால் அப்பா நின்றார்.

"நான் தலைக்குப் பதிலா கால் முன்னால வந்தவனுங்க. விடியறதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் நர்சம்மா எங்க ஊட்லதான். நான் அழுததுக்கப்புறம் அவங்களும் அழுதாங்களாமா. 'எம்புள்ள இன்னிக்குத் தனியா நிக்கிறா, திரும்பித் திரும்பி வாசலப் பாத்திருப்பா'ன்னு சொன்னாங்கன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லுச்சுங்க. உங்களுக்குச் சேர வேண்டிய நாளுங்க அது. இத்தன வருசமாச் சொல்லோணும், சொல்லோணும்னு இருந்தேன்." அவருடைய பெரிய குரல் அங்கே உடைந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்தப் புதுநன்மை நாளில் லின்சி கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தது பதினேழு முறை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பார்க்காமலே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அழும் ஆளை எப்படித் தேற்றுவதென்று புரியாமல், வகுப்பில் பையன்களுக்குச் செய்வது போல, எட்டி அவர் பின்னந்தலையில் கையை வைத்தாள். அவர் தலைமுடிக்கும் அவள் உள்ளங்கைக்கும் நடுவே இன்னொரு கை இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. லின்சி விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். கோணலான சுண்டுவிரல் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டாள்.  செங்கோட்டையன் பக்கத்தில் இருந்த நாற்காலியை ஒரு கையால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்கு எட்டும்படி தலையைத் தாழ்த்திக்கொண்டார். காபி ஆறி ஏடு கட்டும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பிறகு எல்லோரிடமும் லின்சி உண்மையைச் சொல்லிவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து நாற்காலியில் உட்காருவது வழக்கமாயிற்று. கொப்பரை விலையும் மழையும் பேசுவார்கள். பேச்சுக்கு நடுவே லின்சி அவர்கள் தலைக்குப் பின்னால் கையை வைத்திருப்பாள். சில சமயம் உள்ளே இருக்கும் விரல்கள் திரும்பி அவள் விரல்களைப் பிடிப்பதும் உண்டு. மாசாணம் வந்தால் தலையில் எண்ணெய் வைக்காமல் வருவார். நேரமில்லாததால் ஆறுச்சாமி ஊர் நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் ஜன்னல் வழியாகத் தலையைக் கொடுப்பார். பயணிகள் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்த அன்று ஷெரின் போன் செய்தாள். அறை சின்னதாம், தண்ணீர் உப்பாம்.

"அம்மா, அம்மாயி இங்கயும் இருக்குது."

"இருக்கட்டும் கண்ணு. ரெண்டு பேரும் பத்திரமா இருங்க" என்றாள் லின்சி. "சாப்பிட்டியா?"